கடுஞ்சூல்: தலைப்பிரசவ வலியின் தமிழ் வரலாறு

தமிழ்ச் சமூகத்தில் பிள்ளைப்பேற்றைப் பற்றிய சான்றுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன; பேற்றுவலியைப் பற்றிய சான்றுகளோ மிகச் சிலவே. புலவர்கள் பிறந்த குழந்தையின் மழலையைப் பாடினர், மருத்துவ ஏடுகள் சூல்கொண்டவளுக்கு உரிய மருந்துகளை வகுத்துச் சொல்லின, ஆங்கிலேயர் கால அறிக்கைகள் பேறுகாலத்தில் இறந்தவர்களைக் கணக்கிட்டன. ஆனால் கருப்பை முதன்முறையாக இறுகத் தொடங்கிய வேளையில் ஒரு பெண் தன் உடலில் எதை உணர்ந்தாள், அதை எந்தச் சொல்லால் அருகிருந்தவரிடம் தெரிவித்தாள் என்பதை எழுதிவைக்க வேண்டிய செய்தியாக எவரும் கருதவில்லை. எழுதும் உரிமை பெற்றிருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்களாகவும், அந்த அறைக்குள் இருந்தவர்கள் பெரும்பாலும் எழுத்தறியாத பெண்களாகவும் இருந்தமையே இதற்குக் காரணம். ஆகவே தலைப்பிரசவ வலியின் வரலாற்றைத் தேடுவோர் ஏடுகளைக் காட்டிலும் பேச்சுவழக்குச் சொற்களையும், சடங்குகளையும், கோயில் வழக்குகளையும், சாலையோரக் கற்களையும் நம்ப வேண்டியிருக்கிறது.

சொற்களில் தொன்மையானது ‘கடுஞ்சூல்’. சூல் என்பது கரு. கடுஞ்சூல் என்பது முதற்கரு என்றே உரைமரபு கொள்கிறது. மதுரை நகரத்தின் இரவுக் காட்சிகளை விரித்துரைக்கும் மதுரைக்காஞ்சியில், பிள்ளை பெற்றுப் ‘புனிறு’ தீர்ந்த மகளிர், அதாவது ஈன்றணிமையின் தளர்ச்சியும் தீட்டும் நீங்கிய மகளிர், சுற்றத்தோடு குளத்தில் நீராடும் காட்சி வருகிறது. அதை அடுத்தே கடுஞ்சூல் மகளிர் விளக்கும் படையலும் முன்செல்ல, யாழும் முழவும் ஒலிக்க, மயில்போல மெல்ல நடந்து சென்று தெய்வத்தைக் கைதொழும் காட்சியும் இடம்பெறுகிறது. கடந்து வந்தவர்களையும் இனிக் கடக்க வேண்டியவர்களையும் புலவர் அருகருகே நிறுத்தியிருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. கடுமை என்னும் அடை முதற்கருவுக்கு மட்டும் சேர்ந்திருப்பதும் பொருள் பொதிந்தது, ஏனெனில் இரண்டாம் மூன்றாம் பேறுகளைக் குறிக்க இத்தகைய தனிப்பெயர் எதுவும் வழங்கவில்லை. தமிழ்ப் பேச்சிலிருந்து இச்சொல் மறைந்து, அதன் இடத்தைத் தலைப்பிரசவம், தலைச்சன் பிள்ளை என்னும் வழக்குகள் எடுத்துக்கொண்டன. எனினும் மலையாளத்தில் முதற்பேறு இன்றளவும் ‘கடிஞ்ஞூல்’ என்றே அழைக்கப்படுகிறது.

பிள்ளை பெறுவதைக் குறிக்கும் பழைய வினைச்சொற்கள் இரண்டும் இங்கே கருதத்தக்கவை. ஒன்று ‘கருவுயிர்த்தல்’, மற்றொன்று ‘பொறையுயிர்த்தல்’. உயிர்த்தல் என்பதற்கு மூச்சுவிடுதல் என்பதும் ஈனுதல் என்பதும் இளைப்பாறுதல் என்பதும் பொருளாதலால், ஒரே வினை பெண்ணின் மூச்சையும் பேற்றையும் அதன்பின் வரும் ஓய்வையும் சேர்த்தே சுட்டுகிறது. பொறை என்பதோ சுமையையும் பொறுத்தலையும் ஒருங்கே உணர்த்துவது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சு நாட்டு மருத்துவர் லமாஸ் சீரான மூச்சுப்பயிற்சியால் பேற்றுவலியைத் தாங்கும் முறையைப் பரப்பியபோது மேலைநாடுகளில் அது புதுமையாகப் பேசப்பட்டது. தமிழிலோ மூச்சுக்கும் பேற்றுக்கும் உள்ள உறவு சொல்லாக்கத்திலேயே படிந்திருந்தது. மொழியில் படிந்திருந்ததால் மட்டும் அது முறையான பயிற்சியாக வளர்ந்திருந்தது என்று கொள்ளலாகாது. எனினும் வலி வரும்போது மூச்சை அடக்காதே, நீளமாக விடு என்று அருகிருக்கும் மூத்த பெண் சொல்லும் வழக்கம் மருத்துவமனை வகுப்புகளிலிருந்து வந்ததன்று.

பேற்றுவலிக்குத் தமிழ்நாட்டில் பெருவழக்காக உள்ள பெயர் ‘இடுப்புவலி’. குழந்தை வயிற்றில் இருக்க, வலியை ஏன் இடுப்பின் பெயரால் அழைத்தனர் என்பதற்கு உடற்கூற்றியல் தரும் விளக்கம், அப்பெயரைச் சூட்டியவர்களின் கூர்ந்த கவனிப்பை மெய்ப்பிக்கிறது. கருப்பை என்பது தசையால் ஆன உறுப்பு. பேறுகாலத்தில் அதன் மேற்பகுதி இறுகத் தொடங்கி, அந்த இறுக்கம் கீழ்நோக்கிப் பரவி, குழந்தையைக் கீழே தள்ளுவதோடு அடியில் உள்ள வாயையும் மேலே இழுத்துத் திறக்கிறது. கருப்பையிலிருந்தும் அதன் வாயிலிருந்தும் வலியைக் கொண்டுசெல்லும் நரம்புகள் தண்டுவடத்தில் நுழையும் இடத்திலேயே கீழ்முதுகின் தோலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வரும் நரம்புகளும் நுழைவதால், மூளை உள்ளுறுப்பின் வலியை இடுப்பின் வலியாக உணர்கிறது. அதனால்தான் பல பெண்களுக்கு நோவு நடுமுதுகின் கீழே மந்தமான கடுப்பாகத் தொடங்கி, இருபுறமும் சுற்றிவந்து, அடிவயிற்றில் இறுகி முடிகிறது. மாதவிலக்கு நாட்களின் வலியை அறிந்தவர்கள் தொடக்கத்தில் இதை அதன் வளர்ந்த வடிவமாகவே எண்ணுவதுண்டு.

ஆனால் மாதவிலக்கு வலிக்கு இல்லாத ஒரு தன்மை இதற்கு உண்டு. இது விட்டுவிட்டு வருவது. தொடக்கத்தில் கால்மணி, இருபது நிமிட இடைவெளியில் அரை நிமிடம் வந்து போகும் வலி, பல மணிநேரத்தில் நெருங்கி, மூன்று நான்கு நிமிடங்களுக்கு ஒருமுறை முக்கால் நிமிடமோ ஒரு நிமிடமோ நீடிப்பதாகிறது. ஒவ்வொரு முறையும் வலி மெல்ல ஏறி, உச்சத்தில் வயிறு கல்லாக இறுகி, பின்னர் தானாகவே இறங்குகிறது. இறங்கியபின் வரும் இடைவெளியில் வலியின் சுவடே இல்லாமல் பேசவும், நீர் அருந்தவும், சில கணம் கண்ணயரவும் முடிவது முதன்முறை தாயாகிறவளுக்குப் பெரும் வியப்பாக அமைகிறது. கருப்பையின் வாய் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அளவுக்கு முழுமையாகத் திறக்கும் தறுவாயில் இந்த இடைவெளிகள் சுருங்கிவிடுகின்றன; நடுக்கமும் குமட்டலும் வருகின்றன; இனித் தன்னால் ஆகாது என்னும் கைவிட்ட உணர்வு பலரையும் பற்றிக்கொள்வது இந்தக் கட்டத்தில்தான். அதன்பின் வலியின் இயல்பே மாறி, குழந்தையின் தலை மலக்குடலை அழுத்துவதால், மலம் கழிக்க வேண்டும் என்பதுபோன்ற, அடக்க இயலாத உந்துதல் எழுகிறது. அந்த உந்துதலோடு சேர்ந்து தள்ளுவதைத் தமிழ் ‘முக்குதல்’ என்கிறது. முதற்பேற்றில் இவையனைத்தும் நீண்டு நடப்பதற்கும் காரணம் உண்டு: பிள்ளை பெற்ற உடலில் கருப்பையின் வாய் மெலிவதும் திறப்பதும் ஒருசேர நிகழ, முதல்முறை சூல்கொண்ட உடலில் அது முதலில் மெலிந்து முடிந்த பின்னரே திறக்கத் தொடங்குகிறது.

வலியின் தொடக்கத்தில் எழும் கேள்வி அது மெய்யானதா என்பதாகும். சூலின் கடைசி வாரங்களில் ஒழுங்கின்றி வந்து, நடந்தாலோ படுத்தாலோ அடங்கிவிடும் இறுக்கங்களை 1872இல் ஆங்கில மருத்துவர் ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் விரித்தெழுதியதால் மருத்துவ நூல்கள் அவற்றுக்கு அவர் பெயரையே சூட்டியுள்ளன. தமிழ்நாட்டுப் பெண்கள் அவற்றைப் ‘பொய்வலி’ என்றும், உடற்சூட்டால் வருவதாகக் கருதிச் ‘சூட்டுவலி’ என்றும் பிரித்தறிந்திருந்தனர். பிரித்தறிய ஒரு சோதனையும் வழக்கில் இருந்தது. வலி என்று சொன்னவளுக்குச் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். சூட்டுவலியாக இருந்தால் சற்று நேரத்தில் தணிந்துவிடும், பிரசவ வலியாக இருந்தால் மேலும் கூடும் என்பது நம்பிக்கை. சீரகத்துக்கு அத்தகைய ஆற்றல் உண்டா என்பதைவிட, அந்தச் சோதனையின் அமைப்பே கவனத்துக்குரியது. கஷாயம் கொதிக்கவும் ஆறவும் குடிக்கவும் குடித்தபின் காத்திருக்கவும் ஆகும் ஒருமணி நேரத்தில் பொய்வலி தானே அடங்கும், மெய்வலி தானே வளரும். அச்சத்தில் இருக்கும் இளம்பெண்ணின் கையில் வெதுவெதுப்பான ஒரு குவளையும் காத்திருப்பதற்கு ஒரு காரணமும் கிடைத்துவிடும்.

வலியின் வகைகளைப் பெயரிட்டழைப்பது வெறும் பேச்சலங்காரம் அன்று என்பதை மருத்துவ உலகம் பிற்காலத்தில்தான் ஏற்றுக்கொண்டது. கனடாவின் மக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் ரொனால்டு மெல்சாக் 1975இல் வெளியிட்ட வலி வினாநிரல், 78 சொற்களை 20 தொகுதிகளாகப் பிரித்து, நோயாளி தம் வலிக்குப் பொருந்தும் சொற்களைத் தேர்ந்தெடுக்கச் செய்து, அதைக்கொண்டு வலியை அளந்தது. அந்த அளவுகோலின்படி, முதன்முறை பிள்ளை பெறுவோரின் வலி, முன்னரே பெற்றவர்களின் வலியைவிடச் சராசரியில் மிகுதியாகவும், மருத்துவம் அறிந்த பிற கடும் வலிகள் பலவற்றுக்கு மேலாகவும் அமைந்தது. பெண்ணுக்குப் பெண் பெரிதும் வேறுபட்டும் இருந்தது. தமிழில் இப்படியொரு தொகுப்பைச் செய்ய முயல்வோருக்குச் சொற்பஞ்சம் இராது. கடுப்பு, குத்து, இழுப்பு, முறுக்கு, உளைச்சல், குடைச்சல், பிளப்பு என ஒவ்வொன்றும் வேறுவேறு உணர்வைச் சொல்பவை. ‘இடுப்புக் கடுக்கிறது’ என்பவளும் ‘இடுப்பு விட்டுப்போகிறது’ என்பவளும் நோவின் ஒரே கட்டத்தில் இருப்பவர்கள் அல்லர் என்பதை அனுபவமுள்ள எந்தக் கிராமத்து மூதாட்டியும் அறிவாள்.

இந்த அறிவு கைமாறிய இடம் தாய்வீடு. ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு நடத்தி, கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கி, பெண்ணைப் பிறந்தகத்துக்கு அழைத்துச் செல்வது தலைப்பிரசவத்துக்கே உரிய உரிமையாகவும் கடமையாகவும் தமிழ்நாட்டின் பெரும்பாலான சமூகங்களில் நிலைபெற்றிருக்கிறது. செலவு யாருடையது என்னும் கணக்கு இவ்வழக்கத்தில் கலந்திருப்பதும், அது பெண்ணைப் பெற்றவர்களுக்குப் பெருஞ்சுமையாக வளர்ந்திருப்பதும் மறுக்க முடியாதவை. ஆயினும் வலியின் நோக்கில் பார்த்தால் இது அறிவார்ந்த ஏற்பாடு. புகுந்த வீட்டில் அடக்கிக்கொள்ள வேண்டிய அழுகையைப் பிறந்த வீட்டில் அடக்க வேண்டியதில்லை. முதன்முறை நோவு காணும் பெண் தன்னைப் பெற்ற உடலின் அருகிலேயே இருக்கிறாள். அவள் கேட்கக் கூசும் கேள்விகளைக் கேட்காமலேயே விடைசொல்லக்கூடியவள் அங்கே உண்டு.

அந்த அருகாமை கிடைக்காமற்போனால் என்ன ஆகும் என்னும் அச்சத்துக்குத் தமிழ்நாடு ஒரு கோயிலையே விடையாக வைத்திருக்கிறது. திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் எழுந்தருளியுள்ள இறைவனுக்குத் தாயுமானவர் என்னும் பெயர் வந்த கதையை எல்லப்ப நாவலரின் செவ்வந்திப் புராணம் கூறுகிறது. தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்த இரத்தினாவதி என்னும் வணிகர்குலப் பெண்ணுக்குத் துணைசெய்யப் புறப்பட்ட தாய், காவிரியில் வெள்ளம் பெருகியதால் அக்கரையிலேயே தங்க நேரிட, சிவபெருமான் அத்தாயின் உருவில் வந்து பேறு பார்த்தார் என்பதும், வெள்ளம் வடிந்தபின் உண்மைத் தாய் வந்து சேர்ந்தபோதே வந்திருந்தவர் யார் என்பது விளங்கியது என்பதும் கதை. சித்திரைத் திருவிழாவில் இது ‘செட்டிப்பெண் மருத்துவம்’ என்னும் நிகழ்ச்சியாக நடத்திக் காட்டப்படுகிறது. நல்ல பேறு வேண்டுவோர் வாழைத்தார் காணிக்கை செலுத்துகிறார்கள். இக்கதையில் இறைவன் வலியைப் போக்கவில்லை என்பது எளிதில் கவனத்துக்கு வராத செய்தி. வலியே இல்லாமல் பிள்ளையை வெளிப்படுத்தும் வல்லமை உடையவர் அதைச் செய்யாமல், அருகில் அமர்ந்து தாங்கிப் பிடிக்கும் வேலையை மேற்கொண்டார். கதையைக் கட்டிய சமூகம் அந்தப் பெண்ணுக்கு முதன்மையான தேவை எது என்று கருதியதோ அதையே தெய்வத்தின் செயலாக ஆக்கியது. தஞ்சைப் பகுதியின் திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகையின் அடியில் வைத்துத் தரப்படும் விளக்கெண்ணெயை நோவு காணும்போது அடிவயிற்றில் தடவும் வழக்கமும், அடிப்படையில், ஒரு கை வந்து தொடுவதற்கான ஏற்பாடே.

அந்தக் கை ஊர்களில் மருத்துவச்சியின் கையாக இருந்தது. நாவிதர் குலத்துப் பெண்களே பெரும்பாலும் இத்தொழிலைச் செய்துவந்தனர். அக்குலத்தாருக்கு மருத்துவர் என்னும் பெயரும் வழங்குவது இதனோடு தொடர்புடையது. 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் தொகுப்பும் இதைப் பதிவுசெய்கிறது. மருத்துவச்சி வலியின் இடைவெளியைக் கடிகாரம் இல்லாமல் கணித்தாள். வயிற்றில் உள்ளங்கையை வைத்து இறுக்கத்தை அறிந்தாள். இடுப்பில் வெந்நீர் ஊற்றினாள், எண்ணெய் நீவினாள், நடக்கச் செய்தாள். படுக்கவைத்துப் பேறு பார்ப்பது அவளுடைய வழக்கம் அன்று. தென்னிந்தியக் கோயில்கள் சிலவற்றின் தூண்களில், பிள்ளை பெறும் பெண் நின்றோ குந்தியோ இருக்க, இருபுறமும் தோழியர் தோள்கொடுத்துத் தாங்கும் சிற்பங்கள் காணப்படுகின்றன. நிமிர்ந்த நிலையில் குழந்தையின் எடையே அதைக் கீழிறக்க உதவுகிறது என்பதையும், மல்லாந்து கிடக்கும் நிலை முதுகுவலியைக் கூட்டக்கூடும் என்பதையும் இன்றைய மருத்துவம் ஒப்புகிறது. இத்தனை அறிந்தவளை ஊர் எவ்வாறு நடத்தியது என்பது வெட்கத்துக்குரிய பக்கம். பிறக்கும் குழந்தையை முதலில் தொடுவது அவள் கை. ஆனால் பேற்றின் தீட்டு முழுவதையும் அவள் குலத்தின்மேல் ஏற்றிவிட்டு, நெல்லும் பழம்புடவையும் கூலியாகக் கொடுத்து, நடுவீட்டுக்கு வெளியே நிறுத்தியது சமூகம்.

அவளுடைய அறிவுக்கு எல்லையும் இருந்தது. குழந்தை குறுக்கே கிடந்தாலோ, இடுப்பெலும்பு குறுகியிருந்தாலோ, உதிரப்போக்கு நிற்காமற்போனாலோ, தூய்மையற்ற கருவியால் கொடி அறுக்கப்பட்டுச் சன்னி கண்டாலோ அவளால் செய்யக்கூடியது மிகக் குறைவு. பருவம் எய்திய உடனே மணவாழ்க்கைக்கு அனுப்பப்பட்ட சிறுமியரின் உடல், எலும்பு வளர்ச்சி முடியுமுன்பே கடுஞ்சூலைச் சுமந்தது என்பது இந்த ஆபத்தைப் பன்மடங்காக்கியது. நாட்டுப்புறச் சாலைகளில் இன்றும் எஞ்சியிருக்கும் சுமைதாங்கிக் கற்கள் அதற்குச் சான்று. நட்டுவைத்த இரண்டு கற்களின்மேல் ஒரு பலகைக்கல்லைக் கிடத்திய இந்த அமைப்பு, தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கிவைக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரம் கொண்டது. வயிற்றுப்பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக இதை நிறுத்துவது வழக்கமாக இருந்தது. இறக்கிவைக்க முடியாத சுமையோடு போனவளுக்கு, வழிப்போக்கர் ஒவ்வொருவரும் தம் சுமையை இறக்கும்போதெல்லாம் ஆறுதல் கிடைக்கும் என்பது நம்பிக்கை. பொறையுயிர்த்தல் என்னும் சொல்லை உருவாக்கிய மொழியில் இதைவிடத் துயரமான நினைவுச்சின்னம் வேறு இல்லை. பேற்றுவலியின் பழைய வரலாற்றை இனிமையாக எழுத விரும்புவோர் இக்கற்களைக் கடந்து செல்லக்கூடாது.

சென்னையில் 1844இல் அரசு மகப்பேறு மருத்துவமனை தொடங்கப்பட்டது. 1882இல் அது எழும்பூரில் இன்றுள்ள இடத்துக்கு வந்தது. 1854 முதல் அங்கே பேறுகாலத் தாதியருக்குப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. இலங்கையில், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மான்செலின் மகப்பேற்று நூலை 1850களில் தமிழாக்கியதன் மூலம், மேலை மருத்துவத்தின் பேறுகால அறிவு தமிழ்ச்சொற்களில் கிடைக்க வழி பிறந்தது. ஆயினும் மருத்துவமனை வந்த பின்னரும் நெடுங்காலம் பெரும்பான்மைப் பெண்கள் அதன் வாசலை மிதிக்கவில்லை. ஆண் மருத்துவர் தொட்டுப் பார்ப்பதைக் குடும்பங்கள் ஏற்காததே முதன்மையான காரணம். 1866இல் சென்னைக்கு வந்த வழக்கறிஞரின் மனைவி மேரி ஷார்லிப், இவ்வகையில் கைவிடப்பட்ட பெண்களின் பேறுகாலத் துன்பத்தைக் கேள்வியுற்றே மருத்துவம் பயில முனைந்து, 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதற்பெண்களுள் ஒருவரானார். கோஷா என்பது அந்நிய ஆடவர் கண்ணில் படாமல் பெண்கள் திரைக்குள் வாழும் வழக்கம். அவ்வழக்கமுடைய பெண்களுக்காக 1885இல் அவர் முயற்சியால் தொடங்கப்பட்ட மருத்துவமனையே இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையாக விளங்குகிறது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று குடும்பத்தார் பிரசவத்துக்கு ஆண் மருத்துவரை மறுத்துவிட, மூன்று பெண்களும் இறந்ததைக் கண்டதே ஐடா ஸ்கடரை மருத்துவராக்கியது. 1900இல் ஒற்றைக் கட்டிலோடு வேலூரில் அவர் தொடங்கிய பணி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக விரிந்தது.

மருத்துவமனையின் வருகை உயிர்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை. 1926ஆம் ஆண்டின் சென்னைத் தாதியர், மகப்பேற்றுச் செவிலியர் சட்டம் பதிவுபெற்ற பயிற்சியாளர் என்னும் புதிய தகுதியை நிலைநாட்ட, மரபுவழி மருத்துவச்சி மெல்லமெல்ல விலக்கப்பட்டாள். 1938இல் வெளிவந்த ஆ. லட்சுமணசாமி முதலியாரின் மகப்பேற்று மருத்துவ நூல், இந்தியப் பெண்களைப் பார்த்துப் பெற்ற அனுபவத்திலிருந்து எழுதப்பட்டு, தலைமுறைகளாக மாணவர் கையேடாக நிலைத்தது. ஆனால் இந்த மாற்றத்தோடு வலிக்கு ஒரு புதிய அளவுகோலும் வந்து சேர்ந்தது. அமெரிக்க மருத்துவர் இம்மானுவேல் ஃபிரீட்மன் 1955இல் முதன்முறை பிள்ளை பெற்ற 500 பெண்களின் கருப்பைவாய்த் திறப்பை மணிக்கணக்கில் வரைபடமாக்கினார். 1972இல் ஃபில்பாட், காசில் என்னும் மருத்துவர்கள் ஆப்பிரிக்காவில் அதை நடைமுறைக்கேற்ற பேற்று விளக்கப்படமாக வடித்தனர். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்னும் கணக்கு இதிலிருந்து உலகெங்கும் பரவியது. நீடித்த நோவை உரிய நேரத்தில் கண்டுகொள்ள அது உதவியது உண்மை. அதேவேளை மெதுவாகத் திறக்கும் உடலெல்லாம் குறையுள்ள உடல் என்னும் எண்ணத்தையும் அது விதைத்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், அந்த ஒரு சென்டிமீட்டர் விதி சில பெண்களுக்குப் பொருந்தாத வேகம் என்றும், அதை மட்டும் காரணமாக்கித் தலையிடக்கூடாது என்றும், முதற்பேற்றில் 5 சென்டிமீட்டருக்குப் பிந்திய கட்டம் 12 மணிநேரம் வரை நீளலாம் என்றும் அறிவித்த பின்னரே இந்தக் கணக்கு தளரத் தொடங்கியது.

வலியைத் தணிக்கும் மருந்துகளின் வரலாறு மேலைநாட்டில் வேறு திசையில் சென்றது. 1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் பேற்றுவலிக்குக் குளோரோஃபார்ம் கொடுத்ததும், 1853இல் விக்டோரியா அரசி அதை ஏற்றதும் அங்கே வலியில்லாப் பேற்றை ஒரு கோரிக்கையாக்கின. பின்னர் அது முதுகுத்தண்டின் அருகே மருந்து செலுத்தும் எபிடியூரலில் வந்து நின்றது. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் பெருவழக்கானதோ வலியைத் தணிக்கும் மருந்தன்று, வலியைக் கூட்டும் மருந்து. கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசின் என்னும் சுரப்பு 1953இல் செயற்கையாக உருவாக்கப்பட்டு, காலப்போக்கில் குளுக்கோஸ் புட்டியோடு இரத்தக்குழாயில் ஏற்றப்படலாயிற்று. மக்கள் அதை வலி வருவதற்கான ஊசி என்றே அழைத்தனர். 1990களின் நடுவில் தமிழ்நாட்டில் ஆய்வுசெய்த அமெரிக்க மானுடவியலாளர் சிசிலியா வான் ஹாலன், 2003இல் வெளியிட்ட நூலில், ஏழைப் பெண்கள் பலர் தாங்களே அந்த ஊசியை விரும்பிக் கேட்டதையும், வலியைப் பெண்ணின் சக்தியோடு இணைத்து அவர்கள் பேசியதையும் பதிவுசெய்துள்ளார். வலி வந்தால்தான் பிள்ளை வரும் என்னும் பழைய அறிவு, மருந்தால் வலியை வரவழைக்கும் புதிய முறையோடு இங்கே எளிதாகக் கைகோத்துக்கொண்டது. ஆனால் மருந்தால் வரும் வலிக்கு ஏறும் படிகள் குறைவு. இயல்பான நோவில் உடல் பழகிக்கொள்ளக் கிடைக்கும் நீண்ட தொடக்கமும் தாராளமான இடைவெளியும் அதில் சுருங்கிவிடுகின்றன. தாயும் பாட்டியும் சொல்லிக்கொடுத்திருந்த வலியின் வரைபடம் அந்தக் கட்டிலில் கிடந்தவளுக்குப் பயன்படாமற்போனது.

அவளுக்கு நேர்ந்த பெரிய இழப்பு அதுவும் அன்று. பேறுகால அறைக்குள் உறவினரை அனுமதிக்காத விதியால், தாய்வீட்டுக்கு வந்து, தாயோடு மருத்துவமனைக்கு வந்து, கடைசிக் கதவருகில் தாயை விட்டுத் தனியே உள்ளே போகும் நிலை தலைப்பிரசவத்தின் புதிய வழக்கமாயிற்று. காவிரியின் இடத்தில் ஒரு கதவு நின்றது. கத்துபவளை அதட்டுவதும், கூசவைக்கும் சொற்களைச் சொல்வதும், கன்னத்தில் அறைவதும்கூட அங்கே நடந்தன என்பதை அந்த அறைகளில் கிடந்து மீண்ட பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். நெரிசலும் ஆட்பற்றாக்குறையும் இதற்கு விளக்கமாகலாம், நியாயமாகா. இந்த நிலையை மாற்ற, 2004இல் தமிழ்நாடு அரசு மருத்துவமனைகளில் பேறுகாலத் துணையாக ஒரு பெண்ணை உடனிருக்க அனுமதிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. இந்திய அளவில் 2016இல் அத்தகைய அனுமதி வந்தது. தொடர்ந்த துணை கிடைத்த பெண்களுக்கு நோவின் காலம் குறைவதும், அறுவைப்பேற்றின் தேவை குறைவதும், பேற்றனுபவம் கசப்பாக நினைவில் தங்காமலிருப்பதும் பல நாடுகளின் ஆய்வுகளில் உறுதிப்பட்டவை. இரத்தினாவதியின் கதையைக் கட்டியவர்கள் அறிந்திருந்ததை மருத்துவம் எண்களால் நிறுவ நெடுங்காலம் ஆயிற்று.

2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பேறுகள் மருத்துவ நிலையங்களில் நிகழ்கின்றன. ஏறத்தாழ 45 விழுக்காடு அறுவை மூலம் நிகழ்கின்றன. முதலாம் எண் ஒரு நூற்றாண்டு உழைப்பின் வெற்றி. அதனால் புதிய சுமைதாங்கிக் கல் நிறுத்தும் தேவை இன்று பெரிதும் குறைந்துவிட்டது. இரண்டாம் எண் வேறு செய்தியையும் சொல்கிறது: நோவின் எல்லாக் கட்டங்களையும் கடந்து பிள்ளை பெற்று, அதைத் தன் மகளுக்கு எடுத்துச்சொல்லக்கூடிய பெண்களின் தொகை சுருங்கிவருகிறது. பொய்வலியும் சூட்டுவலியும், கடுப்பும் பிளப்பும், முக்கலும் உயிர்ப்பும் இனி யார் வாயிலிருந்து கடுஞ்சூல் மகளிரின் காதுக்குச் செல்லும் என்பது தெளிவாக இல்லை. மருத்துவச்சியின் கையில் பிள்ளை பெற்ற கடைசித் தலைமுறைப் பெண்கள் இன்று முதுமையை நெருங்கியவர்கள். வீட்டில் அப்படியொரு மூதாட்டி இருந்தால், தலைச்சன் பிள்ளைக்கு நோவு கண்ட அன்று என்ன நடந்தது, வலி எங்கே தொடங்கியது, அதை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள், யார் தாங்கிப் பிடித்தார்கள் என்று கேட்டு, அவர் சொல்லும் சொல்லிலேயே இந்த ஆண்டே எழுதிவையுங்கள்.